டவருக்குத் தூக்கம் வரவில்லை

"நேத்து ராத்திரி ஃபோனைத் தொட்டது யாரு? ஒழுங்கா உண்மையைச் சொல்லிடுங்க!"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக லின்னேயா கத்தினாள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூட உதறவில்லை.

ஓரத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த குன்னெல் நிமிர்ந்தாள். "முதல்ல கதவைச் சாத்து. கடல் குளிரெல்லாம் உள்ள வருது."

லில்ஷேர் தீவுக்கு ஒரே ஒரு செல்போன் டவர். அதற்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர். அதற்கும் பக்கத்தில் குன்னெலின் படுக்கையறை. புகையையும் சத்தத்தையும் ஒழித்துக்கட்ட, கம்பெனி எஞ்சினியர் லின்னேயா மின்சாரம் தரும் காற்றாடியும் பேட்டரியும் வைத்திருந்தாள். ஒரே நிபந்தனை, இரவில் யாரும் கூப்பிடாத நேரத்தில் டவர் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் பேட்டரி தீர்ந்து, டீசல் தானாக உறுமத் தொடங்கிவிடும்.

"நேத்தும் டவர் கண்ணே மூடலை. நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரோ எழுப்பியிருக்காங்க. மத்தியானம் ஹெட் ஆபீஸ்ல முடிவு பண்ணிடுவாங்க. காற்றாடியைக் கழட்டிட்டு மறுபடியும் டீசல்தான். என் மூணு வருஷ உழைப்பு போச்சு!" லின்னேயாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீசல் ஓடினது எனக்குத் தெரியாதா? என் தலைமாட்டுலதானே கத்துச்சு. ஆனா நான் பேசலைம்மா. ஸ்டாக்ஹோம்ல என் அக்காவுக்கு நேத்து எழுபதாவது பிறந்தநாள். பகல்லெல்லாம் விருந்தாளிங்க கூட்டம், ராத்திரிதான் ஃபோனை எடுப்பா. ராத்திரி யாரும் ஃபோனைத் தொடாதீங்கன்னு நீ கெஞ்சினியேன்னு வாழ்த்துகூடச் சொல்லாம, ஃபோனை அணைச்சு ரொட்டி டப்பாவுல போட்டு மூடிட்டேன். இனி அவ ஆயுசுக்கும் என்கூடப் பேச மாட்டா."

லின்னேயாவின் பார்வை கடைக்காரன் யெஸ்பர் மேல் பாய்ந்தது.

"அப்போ நீதான்! ஃபோன்ல குழந்தையைப் பார்க்க கேமரா வச்சிருக்கியே?"

"அதையும் பிடுங்கிப் போட்டுட்டேன். ராத்திரி பூரா தொட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணைப் பாரு."

கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பாவம், முதல் குழந்தை. பதில் சொன்ன கையோடு வெளியே ஓடி, அந்த ஊர் வழக்கப்படி ஜன்னலோரம் பனிக்காற்றில் தூங்க வைத்திருந்த குழந்தை வண்டியின் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே வந்து லின்னேயாவுக்குக் காபி ஊற்றினான். மறுபடி ஓடினான். இந்த முறை குழந்தை வீறிட்டு அழுதது.

"டேய், நிமிஷத்துக்கு ஒரு தடவை போர்வையைத் தூக்கி 'தூங்கிட்டியா, தூங்கிட்டியா'ன்னு பார்த்தா அது எப்படிடா தூங்கும்?" குன்னெல் கதவு வழியாகவே சத்தம் போட்டாள்.

அத்தனை கோபத்திலும் லின்னேயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல அப்பன்! இவனே எழுப்பிட்டு இவனே தவிக்கிறான்."

"நீ சிரிச்சது போதும். டவர் முழிச்சிட்டிருந்துச்சுன்னு உனக்கு யாரு சொன்னது? நீயும்தான் படகுத்துறை விடுதியில குறட்டை விட்டுட்டிருந்தே" என்றாள் குன்னெல்.

"நான் தூங்கினா என்ன? டவரைக் கண்காணிக்க அடியிலயே ஒரு கருவி மாட்டியிருக்கேன்ல. அதுக்குள்ள தனி சிம் கார்டு. ரொம்பக் கறாரான கருவி. நிமிஷத்துக்கு ஒரு தடவை டவரைக் கூப்பிட்டு, தூங்கிட்டியான்னு..."

லின்னேயாவின் பேச்சு பாதியில் நின்றது.

குன்னெல் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து, ஓர் எண்ணை அழுத்தி, மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தினாள்.

"அக்கா எடுப்பா. நான் ஏன் வாழ்த்துச் சொல்லலைன்னு நீயே சொல்லு."