உள்ளே யாருய்யா?

"யோவ், உள்ளே குடியிருக்கியா, என்ன?"

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ரயில் கழிவறைக் கதவை ஓங்கித் தட்டினார். இடுப்பில் மூன்று வயது மகள், இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நெளிந்தாள்.

"அப்பா, வருதுப்பா..."

"இரும்மா கண்ணு, இதோ, இதோ."

இதோ இதோ என்று சொல்ல ஆரம்பித்து ஒரு ஸ்டேஷனே தாண்டிப் போய்விட்டது. எதிர்க் கழிவறைக் கதவைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மறுகோடிக்குப் போகலாம் என்றால் வழி முழுக்க மூட்டை, மூட்டை மேல் ஆட்கள், ஆட்கள் மேல் அவர்கள் குழந்தைகள்.

வாத்தியார் குரல் லேசுப்பட்ட குரல் இல்லை. அவர் "பிரேக்!" என்று கத்தினால் பக்கத்தில் ஓட்டிப் பழகுகிறவர் மட்டுமா நிறுத்துவார்? எதிரே வருகிற லாரிக்காரனும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "சொல்லுங்க சார்" என்று இறங்கி வருவான். அப்பேர்ப்பட்ட குரலுக்கு இந்தக் கதவு அசைந்து கொடுக்கவில்லை.

உள்ளே சளசளவென்று தண்ணீர் கொட்டும் சத்தம். நின்றது. மறுபடி சளசள.

கதவில் காதை வைத்துக் கேட்டவருக்கு முகம் சிவந்துபோனது.

"குளிக்கிறான் சார்! ரயில்ல குளிக்கிறான்!"

கூட்டம் சேர இது போதாதா? வாசலோர சீட்டிலிருந்து பிளாஸ்கும் கையுமாக ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். அவள் பின்னாலேயே ஒரு வழுக்கைத்தலைக்காரர்.

"அதான பார்த்தேன்! முகம் கழுவப் போனா குழாய் நூல் மாதிரி ஒழுகுது. எல்லாத் தண்ணியும் இவன் தலைக்குத்தான் போகுதா?" என்றாள் பிளாஸ்க் அம்மாள்.

வழுக்கைத்தலைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "சோப்பு வாசனை கூட வருதுங்க. நல்ல விலை சோப்பு."

"ரயில்னா இவனுக்கு மாமனார் வீடுன்னு நினைப்பு!" என்றார் வாத்தியார்.

அவருடைய மூத்த மகன், ஏழு வயதுப் பையன், பின்னாலிருந்து வாத்தியாரின் சட்டையை இழுத்தான். "அப்பா, அந்தக் கோடிக்கே போயிடலாம்பா."

"நீ சும்மா இருடா! இன்னிக்கு இவனை விடறதா இல்லை. நாம ஒதுங்கி ஒதுங்கிப் போறதாலதான் இவனுங்க தலைமேல ஏறி உட்கார்றானுங்க."

கதவை ஓர் உதை விட்டார். உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் சார். முடிஞ்சிடுச்சு."

"உன் ஒரு நிமிஷத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு! இங்க சின்னக் குழந்தை..."

சொல்லி முடிக்கவில்லை. இடுப்புப் பக்கம் வெதுவெதுவென்று இறங்கியது. புதுச் சட்டை, பேண்ட், ஒரு பக்கச் செருப்பு வரைக்கும்.

மகளுக்கு உதடு பிதுங்கியது. அப்பா கத்துவது தன்னைப் பார்த்து இல்லை என்று தெரிந்ததும் சமர்த்தாக விரலைச் சூப்பிக்கொண்டாள்.

அப்போதுதானா அந்தக் கதவு திறக்க வேண்டும்?

வெளியே வந்தவன் ஒல்லி ஆசாமி. மருந்துக் கம்பெனி பிரதிநிதி. காலையில் பெரிய தோல்பையோடு ஏறியவன். கழுத்து டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தான். பேண்ட் முழங்கால் வரை மடித்திருந்தது. சட்டையெல்லாம் ஈரம். கையில், கரைந்து சில்லாகிப்போன சோப்பு.

"பாருங்க, சோப்பும் கையுமா வர்றான்! டை கட்டினா மட்டும் போதுமாய்யா? உங்க வீட்டுல குழாய் இல்லையா?"

"சார், அது வந்து..."

ஆள் வாயைத் திறந்தான். வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் அரை முகம் தெரிய நின்ற மூத்தவன் கண்ணில் பட்டான். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"மன்னிச்சுக்கங்க சார். தப்புதான்."

"தப்புதானாம்! கொஞ்சமாவது கூச்சம் இருக்கா பாருங்க," என்றாள் பிளாஸ்க் அம்மாள்.

"பச்சைப்பிள்ளை அடக்க முடியாம என் மேலயே போயிடுச்சு! உனக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருந்தாத்தானேய்யா அந்த அவஸ்தை தெரியும்?"

அந்த வார்த்தைக்கு மட்டும் அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோல்பையை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

வாத்தியார் மகளைக் கழுவ உள்ளே போனார். தரை, சுவர், கதவின் உள்பக்கம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவர் ஆயுசில் ரயிலில் இப்படியொரு கழிவறையைப் பார்த்ததில்லை. "சுவரெல்லாம் தண்ணி தெறிக்கக் குளிச்சிருக்கான், மகாராஜா!" என்று அதற்கும் ஒரு திட்டு வைத்தார்.

உடை மாற்றி சீட்டுக்கு வந்தால் பெட்டியே அவர் பக்கம். வழுக்கைத்தலைக்காரர் கை குலுக்கினார். பிளாஸ்க் அம்மாள் அரை டம்ளர் காப்பி ஊற்றித் தந்தாள்.

"பார்த்தியாடா, அப்பா எப்படிக் கேட்டேன்? நாலு பேர் பார்க்கக் கேட்டாத்தான் இவனுங்களுக்கெல்லாம் உறைக்கும்."

மூத்தவன் தலையைத் தூக்கவில்லை.

"அந்த மாமா ஏம்பா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலை?"

"என்னத்தைச் சொல்லுவான்? சொல்ல மூஞ்சி இருக்கா அவனுக்கு?"

பையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க போன்ல யாரையோ திட்டிக்கிட்டிருந்தீங்களேப்பா, அப்ப நான் தனியா போனேன். வயித்துவலி. ரயில் ஆடிச்சா... கீழ, சுவத்துல, கதவுல எல்லாம் ஆயிடுச்சு. வெளியில நின்னு அழுதுக்கிட்டிருந்தேன். அந்த மாமாதான் வந்து, 'அழாதே கண்ணா, நீ போய் உட்காரு. உங்கப்பா சத்தம் எனக்கும் கேட்டுச்சு. அவருக்குத் தெரியறதுக்குள்ள நான் கழுவி விட்டுடறேன்'னாரு."