இன்னும் ரெண்டு நாள்தான்

"ஐயா, உங்க கம்ப்யூட்டர் மறுபடியும் நின்னுபோச்சு!"

போனில் பேசியவள், பெரிய பகா எண்ணைத் தேடும் ஒரு குழுவில் வேலை பார்ப்பவள். தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரை அந்தக் கணக்குப் போடக் கொடுத்திருந்தார்.

"கரண்ட் போயிருக்கும்மா. ஆமா, பகா எண்ணுன்னா என்னன்னு சொன்னே?"

"போன வாரம்தானே சொன்னேன்! தன்னையும் ஒண்ணையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. நம்ம எண்ணுக்கு ரெண்டு கோடி இலக்கம்."

"அம்மாடி! அவ்வளவு பெரிசா இருந்தும் ஒட்டுறவு யாருமில்லையா?"

அவள் சிரித்தாள். "இன்னும் ரெண்டு நாள் விடாம ஓடினா, அது பகா எண்தானான்னு தெரிஞ்சிடும். அணைச்சிடாதீங்க."

"சேச்சே! நீ சாப்டியாம்மா?"

"சாப்டேங்க ஐயா."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். கணக்கு முடிந்துவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடப் போகிறாள்?

அங்கே, பக்கத்து நாற்காலிக்காரர் அவளிடம் கேட்டார்: "அது பகா எண் இல்லைன்னு வேற மெஷின்ல போன மாசமே தெரிஞ்சுபோச்சே. அவர்கிட்ட இன்னுமா சொல்லல?"

"சொல்லிட்டா, சாப்டியான்னு கேக்க எனக்கு வேற யாருங்க இருக்கா?"