ஒலிக்குப் பூஜ்யம்

"சத்தமே வரலையேப்பா! ஒயரைப் பாரு!"

நடுவர் தீர்த்தகிரி மேடையிலிருந்து கத்தினார். ஒலிபெருக்கிக்காரர் ஓடி வந்து எல்லா ஒயரையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்.

பெரிய திரையில், கணக்கு டீச்சர் சௌந்தர்யா வாயை அகல அகலத் திறந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நடுநடுவே விரல்களை வேறு விரித்துக் காட்டினார். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

"ஒயரெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது. வீடியோவுலதான் சத்தம் இல்லீங்க."

அரங்கம் கொல்லென்று சிரித்தது.

அஸ்தம்பட்டியில் ஓர் அறக்கட்டளை நடத்திய போட்டி அது. அவர்களுடைய படிப்புச் செயலிக்கு ஆசிரியர்கள் எடுத்துக் கொடுத்த வீடியோக்களில் சிறந்ததற்குப் பரிசு. பரிசு கிடக்கட்டும். ஐம்பது மார்க்குக்குக் கீழே போகிற வீடியோக்களை இன்றோடு செயலியிலிருந்து தூக்கிவிடுவார்களாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. சௌந்தர்யா பாடம் நடத்தும் ஜலகண்டாபுரத்தில் நாற்பத்தோரு பிள்ளைகள் அவர் வீடியோக்களை நம்பித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, பதிவு பண்றப்ப மைக்கை மறந்துட்டீங்களா?" என்றார் தீர்த்தகிரி.

சௌந்தர்யா எழுந்து நின்றார். "இல்லீங்க சார். சத்தத்தை நானேதான் எடுத்துட்டனுங்க. அதுக்கு ஒரு காரணம்..."

"காரணம் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. முப்பத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். குரல் இல்லாம ஒரு பாடமா? நூத்துக்கு அறுபது மார்க் ஒலித் தெளிவுக்குத்தான். பூஜ்யம்தான் போட முடியும்."

முன் வரிசையில், போட்டிக்கு வந்திருந்த இன்னொரு கணக்கு ஆசிரியர் சிவக்குமார் சார் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். சற்று முன் திரையிட்ட அவர் வீடியோவில் மத்தளம் முழங்கியது, எண்கள் பறந்து வந்து மோதின, அவரே புகைக்கு நடுவிலிருந்து நடந்து வந்தார். கணக்கு எப்போது தொடங்கியது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, செயலியைக் கவனிக்கும் பூபதி கையைத் தூக்கினார்.

"சார், ஒரு நிமிஷம். சிவக்குமார் சார் வீடியோவைப் பசங்க சராசரியா ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு விட்டுட்டாங்க. இவங்களோடதை ஒவ்வொரு பிள்ளையும் முழுசா, நாலு நாலு தடவை பார்த்திருக்குது."

"மிரட்டிப் பார்க்க வச்சிருப்பாங்க," என்றது முன் வரிசையிலிருந்து ஒரு குரல்.

சௌந்தர்யாவுக்குச் சுருக்கென்றது. "இன்னிக்குச் சனிக்கிழமைங்க. பிள்ளைங்க ஊட்லதான் இருப்பாங்க. யாரை வேணும்னாலும் கூப்பிட்டுப் பாருங்க சார்."

தீர்த்தகிரி விடவில்லை. பெயர்ப் பட்டியலை வாங்கி, கண்ணை மூடி ஒரு பெயரைத் தொட்டார். யுவஸ்ரீ. பூபதி, டீச்சரின் ஃபோனைத் திரையோடு இணைத்து வீடியோ கால் போட்டார்.

அழைப்பு எடுக்கப்பட்டதுதான் தாமதம், ஒலிபெருக்கி அலறியது.

தடக் தடக் தடக் தடக்!

அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது. திரையில் ஓர் ஒற்றை அறை. அறை முழுக்க விசைத்தறி. ஒன்றல்ல, நாலு. அதற்கு நடுவே ஒரு பெண் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் அசைந்தது. எதுவும் காதில் விழவில்லை.

"சத்தத்தைக் குறைப்பா!" என்று தீர்த்தகிரி கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் தாமாகவே புரிந்துகொண்டு முழுதாகக் குறைத்தார்.

தீர்த்தகிரி ஒரு துண்டுச் சீட்டில் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதி சௌந்தர்யாவிடம் நீட்டினார். "சீட்டைக் காட்டக் கூடாது. கேளுங்க பார்க்கலாம்."

சௌந்தர்யா ஃபோனை முகத்துக்கு நேராக மேசையில் சாய்த்து வைத்து, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். ஏழு விரல் காட்டினார். பிறகு பத்தும் இரண்டும்.

யுவஸ்ரீ தலையாட்டினாள். நோட்டில் கிறுக்கினாள். அரை நிமிடம் இருக்கும். நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

x = 3, x = 4.

சரியான விடை! பின் வரிசையில் யாரோ விசிலே அடித்துவிட்டார்கள்.

"எங்கூர்ல ஊட்டுக்கு ஊடு தறிதானுங்க. தறி ஓடற ஊட்ல கத்தினாலும் கேக்காதுங்க சார்," என்றார் சௌந்தர்யா. "ஆத்தாளும் மகளும் வாயசைவைப் பாத்துத்தான் பேசிக்குவாங்க. நானும் தறிக்காரர் ஊட்டுப் பொண்ணுதானுங்க."

"சரிம்மா. ஆனா சத்தமும் இருந்துட்டுப் போகட்டுமே? அதனால என்ன கெட்டுடும்?"

"மொதல்ல சத்தத்தோடதான் போட்டனுங்க. எப்படியாச்சும் கேட்ரலாம்னு பிள்ளைங்க எல்லாரும் ஃபோனைக் காதுல அமுக்கி வச்சுக்கிட்டாங்க. அப்புறம் போர்டை எங்கீங்க சார் பாக்கறது? சத்தத்தை எடுத்தேன். ஃபோன் காதுல இருந்து கண்ணு முன்னால வந்துருச்சு. போன தேர்வுல நாப்பத்தொண்ணும் பாஸுங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிவக்குமார் சாரும் காலை இறக்கித் தட்டினார்.

தீர்த்தகிரி மதிப்பெண் தாளைப் பார்த்தார். அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு ஆறு போட்டார். பிறகு, முடிவை அறிவிக்க ஒலிபெருக்கிக்காரர் நீட்டிய மைக்கை ஒதுக்கிவிட்டு, ஃபோனுக்கு நேராகக் குனிந்தார். முப்பத்தாறு வருட வாத்தியார் வாயை அகல அகலத் திறந்து, ஓசையே இல்லாமல் என்னவோ சொன்னார்.

"என்ன சொன்னார்? யாருக்குப் பரிசு?" என்று அரங்கம் ஒருவரையொருவர் கேட்டது.

திரையில் யுவஸ்ரீ துள்ளிக் குதித்து, தறிக்குப் பின்னால் நின்ற அம்மாவை இழுத்து வந்து, "எங்க டீச்சர்!" என்று உதட்டசைத்தாள். அதை மட்டும் அரங்கம் முழுக்கப் படித்துவிட்டது.