காந்த வில்லையில் இருந்த எண்

நடுரோட்டில் மண்டியிட்டிருக்கிறான் கார்னெல். கைகள் தலைக்குமேல். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. போலீஸ் வண்டியின் நீல விளக்கைப் பார்த்ததுமே செய்துவிட்டான். கறுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் மினியாபொலிஸில் இதெல்லாம் நடை பழகும்போதே சொல்லித் தரப்படுவது. அதுவரை, மனசு கலங்கும் நாட்களில் செய்வதுபோல, தபால்பெட்டியோடு உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். வண்டிக் கதவு இன்னும் திறக்கவில்லை. மாலை வெயில் அதன் கூரையில் பட்டுக் கண் கூசுகிறது. அக்கா ஒடெஸா அவன் பக்கத்தில் தாரிலேயே உட்கார்ந்து முதுகைத் தடவுகிறாள். "மெதுவா மூச்சு விடுடா. எல்லாரும் இங்கதான் இருக்கோம்." தெருக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து, பேசிவைத்திருந்தபடி, அவனைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கையில் பாதி தின்ற சோளக்கதிர். இந்தத் தெருவில் என்ன நடந்தாலும் போலீஸைக் கூப்பிடுவதில்லை, ஒருவரையொருவர் கூப்பிடுவதுதான். அதற்கான எண்ணைக் காந்த வில்லைகளில் அச்சிட்டு, வீடு வீடாக ஏறி ஃபிரிட்ஜ் கதவுகளில் ஒட்டியவள் எதிர்வீட்டு வெர்னா. இன்று அவள்தான் கடைசியாக வருகிறாள். ஒடெஸா நகர்ந்து இடம் தருகிறாள். "புதுசா குடிவந்த வெள்ளைக்காரங்கதான் போலீஸைக் கூப்பிட்டிருப்பாங்க. விடு, நீ வந்துட்டல்ல." வெர்னா தலையாட்டுகிறாள். தார்ச்சூடு தொடையைச் சுடுகிறது; அவள் அசையவில்லை. வண்டிக்குள் போலீஸ்காரர், தகவல் சொன்னவரைத் திரும்பக் கூப்பிட, ஃபோனைக் காதில் வைக்கிறார். வெர்னாவின் பையில் ஃபோன் அதிர்கிறது. ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒடெஸாவின் இடுப்பிலும் அந்த அதிர்வு தெரிகிறது. அது நிற்பதாக இல்லை. ஒடெஸா திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் முதுகிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"எடு, வெர்னா," என்கிறாள். "உன்னத்தான் கூப்பிடுறாங்க."