கீரி முடைந்த பாதி

காட்டுப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அணிலும் கீரியும் ஆளுக்குப் பாதியாக ஓர் ஓலைப்பாய் முடைந்தன. அணிலுக்குக் கை சீக்கிரம் பழகிவிட்டது. கீரியின் பாதியில் மட்டும் ஓலைகள் கோணிக்கொண்டு நின்றன. ஆனாலும் கீரி விடவில்லை. "நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல, பாரேன்," என்று தினமும் காட்டும்.

கண்காட்சிக்கு முதல் நாள், கீரி வீட்டுக்குப் போன பிறகு அணில் அந்தப் பாதியைப் பிரித்துத் தானே நேர்த்தியாக முடைந்து வைத்தது. கீரி சந்தோஷப்படும் என்றுதான் நினைத்தது.

மறுநாள் அந்தப் பாய்க்கே முதல் பரிசு. கீரி தன் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. பாயைப் பார்த்ததும் நின்றது. பிறகு குனிந்து ஒவ்வொரு ஓலையாகத் தடவிப் பார்த்தது.

"இதுல நீ முடைஞ்சது எது கண்ணு?" என்று அம்மாக் கீரி கேட்டது.

கீரி அணிலை நிமிர்ந்து பார்த்தது. "நான் ஓலை எடுத்துக் குடுத்தேம்மா."

உண்மையைச் சொல்ல அணில் வாயெடுத்தது. அதற்குள் ஆமை வாத்தியார் பரிசு வாங்க இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்.

கீரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"நீயே போய் வாங்கிக்க," என்றது.