சீட்டு ரூம் சாவி

“மறுபடியும் டிராப்பா? கையில சீட்டைப் புடிச்சா ஆடோணும் அம்மிணி. பயமா இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்” என்றார் குமாரசாமி.

உண்ணாமலை கையிலிருந்த பதின்மூன்று சீட்டுகளையும் அடுக்கி, கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

“ஆடாம விட்டதுக்கு இன்னொரு இருவது பாயிண்ட். தலைவியம்மாவுக்கு மொத்தம் நூத்தி இருவது” என்றார் நடுவராக உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ் கிளார்க் சின்னண்ணன். “செகரட்டரிக்கு எழுவத்தாறு. இருநூத்தி ஒண்ணை யாரு மொதல்ல தொடறாங்களோ அவங்க அவுட்டு.”

மேட்டூர் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே வரிசையாகப் பெண்களின் முகங்கள்.

மாதர் சங்கத் தலைவி உண்ணாமலை, சேலம் அஸ்தம்பட்டியில் மூடிய ஒரு டைப்ரைட்டிங் நிலையத்திலிருந்து நான்கு மெஷின்களை வாங்கி வந்திருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் குடியிருப்பில் இருபத்திரண்டு பேர். சேலத்துக்குத் தனியாக பஸ் ஏற அவர்களை எந்த வீட்டிலும் விடுவதில்லை. இங்கேயே டைப்ரைட்டிங் ‘லோயர்’ பரீட்சைக்குப் படித்தால் ஒரு வேலைக்காவது மனுப் போடலாம். மெஷின் வந்துவிட்டது, வைக்க இடம்தான் இல்லை. மன்றத்தின் சீட்டு ரூமைக் கேட்டாள்.

மன்றச் செயலாளர் குமாரசாமி பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தார். “சீட்டாடத் தெரியாதவங்களுக்குச் சீட்டு ரூம் எதுக்கு? என்னை ரம்மியில ஜெயிச்சுட்டுச் சாவியை வாங்கிக்கட்டும்.”

“சரிங்க” என்றாள் உண்ணாமலை. கூட்டம் கைதட்டிவிட்டது. அதன்பின் அவரால் பேச்சை மாற்ற முடியவில்லை.

அடுத்த ஆட்டமும் உண்ணாமலை டிராப். நூற்று நாற்பது.

“இப்படியே வுட்டுக்கிட்டிருந்தா நீ தோக்க நான் ஆடவே வேண்டியதில்லையே” என்று குமாரசாமி கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். எப்படிப்பட்ட சீட்டு வந்தாலும் அவர் டிராப் செய்வதில்லை. பத்து வருடமாக அப்படித்தான் ஆடுகிறார், ஜெயிக்கிறார்.

அதற்கடுத்த ஆட்டத்தில் உண்ணாமலை சீட்டைக் கவிழ்க்கவில்லை. நாலே சுற்றில் முடித்து விரித்தாள். குமாரசாமி கையில் அறுபத்திரண்டு மாட்டியது. அவருக்கு நூற்று முப்பத்தெட்டு.

ஜன்னலில் வளையல்கள் குலுங்கின.

“நல்ல சீட்டு வந்துச்சு, ஆடிட்டே. அதுல என்ன சாமர்த்தியம்?” என்றார் குமாரசாமி. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுபடி டிராப். இன்னொரு டிராப். உண்ணாமலைக்கு நூற்று எண்பது.

“இன்னும் ஒரே ஒருக்காத்தான் வுட முடியும் அம்மிணி” என்று சின்னண்ணன் மெதுவாக எச்சரித்தார்.

சீட்டுப் போட்டார்கள். உண்ணாமலைக்குப் பின்னால் நின்ற சங்கத்து முத்தாயம்மாள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். ஒன்றோடு ஒன்று சேராத சீட்டுகள். நடுவில் ஒண்டியாக ஒரு ஹார்ட்டின் ராணி. நிச்சயம் கவிழ்ப்பாள் என்று எல்லோரும் நினைத்தபோது, உண்ணாமலை சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

ஆட்டம் நீண்டது. பத்துச் சுற்று போயிற்று. ராணி மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

“அதைத் தூக்கிப் போடு. கையில இருந்து மாட்டுனா பத்துப் பாயிண்ட்டு” என்று முத்தாயம்மாள் காதோடு சொன்னாள்.

“அது அவருக்கு வேணுமுங்க அக்கா. ஹார்ட்டின்ல ஒண்ணைக்கூட அவரு கீழ போடலை. காது மடலைத் தடவறாரு பாருங்க. ஒரே சீட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தா அப்படித்தான் செய்வாரு” என்று உண்ணாமலையும் காதோடு சொன்னாள்.

குமாரசாமி காதைத் தடவியபடி கட்டிலிருந்து எடுத்தார், போட்டார். அவர் கீழே போட்ட ஸ்பேட் ராணியை உண்ணாமலை எடுத்துக்கொண்டாள். இரண்டு சுற்றுக் கழித்து டைமண்ட் ராணி கட்டிலிருந்தே வந்தது. அவள் சீட்டுகளை நிதானமாக விரித்து வைத்தாள். இரண்டு ரம்மி, ஒரு செட், கடைசியில் மூன்று ராணிகள்.

சின்னண்ணன் குமாரசாமியின் சீட்டுகளைப் பார்த்தார். ஹார்ட்டின் ராஜாவும் ஜாக்கியும் நடுவில் ராணி இல்லாமல் நின்றிருந்தன. ஜோக்கர் இல்லாத ரம்மி ஒன்றுகூடச் சேரவில்லை. அதனால் சேர்ந்திருந்த சீட்டுகளும் எண்ணிக்கையில் வந்தன.

“எழுவத்தொண்ணு. செகரட்டரி இருநூத்தி ஒம்போது. அவுட்டு!”

வெளியே பெண்கள் போட்ட கூச்சலில் மன்றத்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டான். முத்தாயம்மாள் உண்ணாமலையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மெஷின்களைக் கொண்டுவர நாலைந்து பேர் அப்போதே ஓடினார்கள்.

குமாரசாமி விரிந்து கிடந்த மூன்று ராணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“எங்க கத்துக்கிட்டே அம்மிணி?” குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“நம்ம ஊட்டுலதானுங்க. ஞாயித்துக்கிழமையானா உங்க கூட்டாளிகளுக்குக் காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு பாத்ததுதான்” என்ற உண்ணாமலை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். “மெஷினெல்லாம் எறக்கி வெச்சுட்டு வாரேன், நேரமாகும். கொழம்பு அடுப்பு மேல இருக்குது, நீங்களே போட்டுச் சாப்புட்டுட்டு நம்ம புள்ளையை இங்க அனுப்பி வையுங்க. மொதல் மெஷின் அவளுக்குத்தான்.”