பதிவேட்டில் பம்பின் பெயர்

ஒரு பாய்மரப் படகில் பயணப் பதிவேடு ஒன்றும், அடியில் கசியும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் ஒன்றும் இருந்தன. படகுக்காரர் ஞாயிறுதோறும் கடலில் உலாவிவிட்டு வந்து பதிவேட்டில் எழுதுவார்.

"இன்னிக்கு என்ன எழுதினார்?" என்று கேட்டது பம்ப்.

"'காற்று இதம். இறால் பிரியாணி பிரமாதம்'னு எழுதினார்."

"போன மாசம் ரெண்டு தடவை இறைச்சேன். இன்னிக்குப் பதினோரு தடவை. எங்கேயோ ஓட்டை பெரிசாகுது. அதை எழுதலையா?"

"பிரியாணிக்கே அரைப் பக்கம் போயிடுச்சு."

"நான் போட்ட சத்தம்கூடவா காதுல விழல?"

"விழுந்துச்சு. பாட்டைக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கிட்டார்."

அடுத்த ஞாயிறு தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. பம்ப் மூச்சு முட்ட இறைத்துத்தான் படகு கரை சேர்ந்தது.

"எத்தனை நாளா தண்ணி வருது?" என்று கேட்டார் மெக்கானிக்.

படகுக்காரர் பதிவேட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் காற்றும் பிரியாணியும்தான். பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார்.

"இப்பவாவது என் பேர் வந்துச்சா?" என்றது பம்ப்.

பதிவேடு கூசிக்கொண்டே படித்தது. "'பம்ப் சரியில்லை. மாற்ற வேண்டும்.'"